மூத்த விவசாயிகளின் விதை அறிவை எழுதி வைத்தால் போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் ஒரு சிறிய குழுவாகச் சில ஊர்களில் வேலை செய்கிறீர்கள். பழைய ரகங்களை இன்றும் விடாமல் விதைத்துவரும் மூத்த விவசாயிகள் சிலர் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்த ரகங்களும் அவற்றைப் பற்றிய அறிவும் போய்விடுமே என்ற கவலை உங்களுக்கு. அதனால் அவர்கள் சொல்வதைக் காணொளியாகப் பதிவுசெய்து, விதையைக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைக்கப் போகிறீர்கள். இது போதுமா, இதைவிட உருப்படியாக ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: விவசாயியின் அறிவு என்பது அவரிடமிருந்து பிரித்தெடுத்து வைக்கக்கூடிய ஒன்றுதானா? முதலில் அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பயிர்ப் பெருக்கமும் மரபியலும் படித்தவன். சில ஆண்டுகள் விதை வங்கி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய் ரகங்கள் சேகரித்தேன். அப்புறம் அந்த வேலையை விட்டு, விவசாயிகளே நடத்தும் விதை வங்கிகளோடு சேர்ந்துகொண்டேன். தானியங்களும் பயறுகளும் நான் கையால் அள்ளிப் பழகியவை. கிழங்குப் பயிர்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. சட்டம் பற்றிச் சொல்லும் இடத்தில் நான் வழக்கறிஞன் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: பதிவும் குளிர்ப்பெட்டியும் நல்லவை, செய்யுங்கள். ஆனால் அவை காப்புப் பிரதி மட்டுமே. ஒவ்வொரு பருவமும் அந்த விவசாயிகள் உட்கார்ந்து விதை பொறுக்குகிறார்களே, அந்த வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான உதவி.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு மக்காச்சோளக் குவியல். சேகரிப்பு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு அது. அறுவடை முடிந்து கதிர்கள் முற்றத்தில் குவிந்திருந்தன. ஒரு பாட்டி விதைக்கான கதிர்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். குவியலிலேயே பெரிய கதிர் ஒன்றை அவர் தள்ளிவிட்டதைப் பார்த்து, ஏன் என்று கேட்டேன். அவர் அதை என் கையில் கொடுத்து, என் கட்டைவிரலைப் பிடித்துக் கதிரின் நுனியில் வைத்து அழுத்தினார். மட்டை நுனிவரை மூடாமல் இருந்தது, மணி விரலில் பட்டது. "வண்டு இந்த வழியாத்தான் உள்ள போகும். இதைத் தின்னலாம், விதைக்கு ஆகாது" என்றார். பிறகு அவர் எடுத்து வைத்த கதிர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மட்டை நுனியைத் தாண்டி நீண்டு, முறுக்கிய துணி மாதிரி இறுகியிருந்தது. உரித்த பிறகும் நுனியிலிருந்த சிறு மணிகளையும் அடியிலிருந்த கோணல் மணிகளையும் உதிர்த்து ஒதுக்கிவிட்டு, நடுவிலிருந்த மணிகளை மட்டும் விதைக்கு எடுத்தார். அது போக, மாறுபட்ட நிறத்தில் இருந்த மூன்று நான்கு கதிர்களையும் சேர்த்துக்கொண்டார். அது எதற்கு என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணு போலப் போனா ஒரு வருஷம் எல்லாம் ஒண்ணாப் போயிடும்" என்றார்.

என் கையிலிருந்த படிவத்தில் ஊர், ரகத்தின் பெயர், செடியின் உயரம், மணியின் நிறம், எத்தனை நாள் பயிர் என்று கட்டங்கள் இருந்தன. அந்தப் பாட்டி அரை மணி நேரத்தில் எனக்குக் காட்டிய எதையும் எழுத அதில் இடம் இல்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறு. முந்தைய நாள் பக்கத்து ஊரில் நானே குவியலில் கைவிட்டு எடுத்த கதிர்கள், பார்க்க அழகான பெரிய கதிர்கள். சேமிப்பில் வண்டு தாங்குவதற்காக ஒரு குடும்பம் பல தலைமுறையாகப் பொறுக்கி வந்ததை விட்டுவிட்டு, விதைக்கு ஆகாது என்று அவர்கள் கழித்திருக்கக்கூடியவற்றையே நான் ‘மாதிரி’ என்று பையில் போட்டிருந்தேன். மறுநாள் திரும்பிப் போய் அந்த வீட்டுக்காரரையே எடுத்துத் தரச் சொல்லி வாங்கினேன். அதற்கு முன் ஓராண்டாகச் சேகரித்தவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, பாரம்பரிய ரகம் என்பது ஒரே அச்சில் வார்த்த பொருள் கிடையாது. அது ஒரு கூட்டம். அதற்குள் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட செடிகள் இருக்கும். ஒவ்வொரு பருவமும் மழை, பூச்சி, நோய் எல்லாம் ஒரு பக்கம் வடிகட்டும், விவசாயியின் கை இன்னொரு பக்கம் வடிகட்டும். இரண்டும் சேர்ந்துதான் ரகம். கை நின்றுபோனால் சில பருவங்களில் அது வேறொன்றாக மாறத் தொடங்கும், பெயர் மட்டும் பழையதாகவே இருக்கும். மக்காச்சோளம், கம்பு போன்ற அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். நெல், கோதுமை போன்ற தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில் மெதுவாக நடக்கும்.

மரவள்ளியில் இது இன்னும் நுட்பமானது. குச்சியை வெட்டி நடுகிற பயிர், ஆகவே தாயும் பிள்ளையும் அச்சு அசலாக ஒன்று. அப்படியானால் அதில் புதிய வகைகள் எங்கிருந்து வந்தன? தென் அமெரிக்காவின் கயானாப் பகுதியில் பழங்குடி விவசாயிகளின் நிலங்களில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இருந்து பார்த்தார்கள். மண்ணில் கிடந்த மரவள்ளி விதைகள் தானாக முளைக்கும்போது, அந்த விவசாயிகள் அவற்றைக் களையோடு பிடுங்கிப் போடுவதில்லை. வளரவிட்டு, பிறகு களையெடுக்கும்போது நோஞ்சானான நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு வாளிப்பானவற்றை விட்டுவைப்பார்கள். அப்படித் தப்பியவை பெரும்பாலும் வேறு செடியோடு கலந்து பிறந்தவை, நோஞ்சானாக இருந்தவை தமக்குள்ளேயே கலந்தவை என்று மரபணுச் சோதனை காட்டியது. மரபியல் என்ற சொல்லே இல்லாமல் நடந்துவந்த வேலை இது. இதை எப்படிக் காணொளியில் எடுப்பீர்கள்? ‘தானாக முளைத்ததைப் பிடுங்குவதில்லை’ என்று ஒருவர் சொல்வதை எடுக்கலாம். எந்த நாற்றை விடுவது, எதைப் பிடுங்குவது என்பது களையெடுப்பவரின் கையில் இருக்கிறது, அவரோடு கூடவே குனிந்து களையெடுத்தால்தான் வரும்.

சரி, குளிர்ப்பெட்டி வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். விதை வங்கிகள் காப்பாற்றியிருக்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை. சிரியாவில் அலெப்போ அருகே வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச மையமான இக்கார்டாவின் விதை வங்கி இருந்தது. போர் காரணமாக அதைப் பயன்படுத்த முடியாமல் போனபோது, நார்வேயின் ஸ்வால்பார்டு பெட்டகத்தில் முன்பே வைத்திருந்த நகல் விதைகளை 2015-ல் அவர்கள் திரும்ப எடுத்தார்கள். 2008-ல் திறக்கப்பட்ட அந்தப் பெட்டகத்திலிருந்து விதை வெளியே வந்தது அதுவே முதல் முறை. லெபனானிலும் மொராக்கோவிலும் அவற்றை விதைத்துப் பெருக்கி, மறுபடியும் பெட்டகத்துக்கே நகல் அனுப்பினார்கள். நகல் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, வெள்ளம் தாங்கும் நெல். ஒடிசாவில் வெள்ளம் புகும் வயல்களில் விவசாயிகள் விதைத்துவந்த ஒரு ரகத்திலிருந்து எஃப்ஆர் 13ஏ என்ற வகையைப் பிரித்தெடுத்தார்கள். நீருக்குள் முழுதாக மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை உயிரோடு இருக்கும் தன்மை அதற்கு உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். 2009-ல் அந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்-1 என்ற நெல் ரகம் இந்தியாவில் வெளியானது. சேகரித்து வைத்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது. ஆனால் சேகரிக்க வந்தவர்களின் கையில் கிடைக்கும்வரை அந்த நெல் உயிரோடு இருந்ததற்குக் காரணம், வெள்ளம் வடிந்த வயலில் எது எழுந்து நின்றது என்று பார்த்து அதையே அடுத்த ஆண்டு விதைத்தவர்கள். இரண்டு வகைப் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று துணை. குளிர்ப்பெட்டி அன்றைய தேதியில் விதையை நிறுத்தி வைக்கும். வயல் அதை இன்றைய மழைக்கும் இன்றைய நோய்க்கும் பழக்கும்.

இந்த விஷயத்தில் அடிக்கடி சொல்லப்படும் சிலவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கடந்த நூற்றாண்டில் பயிர்ப் பன்மையில் 75 சதவீதம் அழிந்துவிட்டது’ என்ற வரி எல்லா அறிக்கையிலும் வரும், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் வெளியீடுகளிலும் உண்டு. ஆனால் நூறாண்டுக்கு முன் எவ்வளவு இருந்தது என்று யாரும் உலகம் முழுக்க அளந்து வைக்கவில்லை. எனவே அந்த எண்ணுக்கு உறுதியான அடித்தளம் கிடையாது. இழப்பு உண்மை, பல இடங்களில் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ஆனால் எல்லாப் பயிரிலும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடக்கவில்லை. ஐந்து கண்டங்களில் 27 பயிர்களைப் பார்த்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, சிறு விவசாயிகள் எதிர்பார்த்ததைவிட அதிகப் பன்மையை வைத்திருக்கிறார்கள் என்று காட்டியது. பெரும்பாலான நிலத்தில் ஓரிரு ரகங்கள், ஓரத்தில் சின்னச் சின்ன அளவில் பல ரகங்கள். அந்த ஓரத்துத் துண்டு நிலங்கள்தான் வருங்காலத்துக்கான காப்பீடு. உங்கள் நிதி விண்ணப்பத்தில் 75 என்று எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் ஊர்களில் எத்தனை வீடுகளில் எது இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அது சிறிய எண்ணாக இருந்தாலும் உங்களுடையது.

‘பழைய ரகம் என்றாலே வறட்சி தாங்கும், சத்து அதிகம்’ என்பதும் அப்படித்தான். சில தாங்கும், சில தாங்காது. சிலவற்றில் சத்து அதிகம், சிலவற்றில் இல்லை. ரகம் ரகமாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். விவசாயிகளே இதை நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்: இது மேட்டுக்கு, அது பள்ளத்துக்கு, இது மழை பிந்தினால்.

விவசாயியின் அறிவுக்கும் எல்லை உண்டு. அதைச் சொல்வது அவமரியாதை ஆகாது. 1980-களில் ஹோண்டுராஸில் வேலை செய்த மானிடவியலாளர் ஜெஃப்ரி பென்ட்லி ஒரு நல்ல வரையறை கொடுத்தார். கண்ணுக்கு எளிதாகத் தெரிவதும், வாழ்க்கைக்கு முக்கியமாக இருப்பதும் எதுவோ, அதில் விவசாயிகளின் அறிவு ஆழமானது. பூச்சிக்குள் முட்டையிடும் சிறு குளவி, இலையில் விழும் பூஞ்சை வித்து போன்ற கண்ணில் படாதவற்றில் இடைவெளி இருக்கும். என் அனுபவமும் அதுவே. விதை மூலம் பரவும் நோய்களில் நான் உதவியாக இருந்திருக்கிறேன். எந்த ரகத்தை எங்கே விதைப்பது என்பதில் ஒரு தடவைகூட அவர்களைவிட நன்றாக நான் சொன்னதில்லை. விவசாயியின் அறிவும் ஆய்வாளரின் அறிவும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனாவின் யுன்னான் மாகாணம் சாட்சி. விவசாயிகள் விரும்பி வளர்த்த ஒட்டும் தன்மையுள்ள நெல், குலைநோயில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதை நோய் தாங்கும் நெல்லின் வரிசைகளுக்கு நடுவே கலந்து ஆயிரக்கணக்கான விவசாயிகள் நட்டார்கள். தனியாக நட்டதோடு ஒப்பிட்டபோது, அந்த நெல்லில் குலைநோயின் கடுமை 94 சதவீதம் குறைந்தது, மகசூல் 89 சதவீதம் கூடியது. 2000-ல் வெளியான முடிவு இது. பழைய ரகத்தைக் கைவிடாமலேயே நோயைச் சமாளிக்க முடிந்தது.

இனி, செய்ய வேண்டியவை. முதலில் எதற்கு ஆபத்து, எதற்கு இல்லை என்று பிரித்துப் பாருங்கள். நேபாளத்தில் பரவலாகப் பயன்பட்ட எளிய வழி ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் எல்லாரும் கூடும் இடத்தில் தரையில் ஒரு சதுரம் வரைந்து நான்காகப் பிரியுங்கள். பல வீடுகள் நிறைய நிலத்தில் விதைப்பது ஒரு கட்டம். பல வீடுகள் கொஞ்சமாக விதைப்பது இன்னொன்று. சில வீடுகள் நிறைய நிலத்தில் விதைப்பது மூன்றாவது. சில வீடுகள் கொஞ்சமாக விதைப்பது நான்காவது. ஒவ்வொரு ரகத்தின் கதிரையோ கைப்பிடி விதையையோ எந்தக் கட்டத்தில் வைப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். நான்காவது கட்டத்தில் விழுபவைதான் முதலில் கவனிக்க வேண்டியவை. இதில் எனக்குப் பிடித்தது, வைக்கும்போது வரும் வாக்குவாதம். ‘அது உங்க வீட்டுல இன்னுமா இருக்கு?’ என்று ஒருவர் கேட்க, அன்றே இரண்டு படி விதை கைமாறிவிடும். நீங்கள் எதுவும் செய்யாமலேயே ஒரு ரகம் ஒரு வீட்டிலிருந்து மூன்று வீட்டுக்குப் போயிருக்கும்.

பெயர்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஊர்களில் வெவ்வேறு விதை இருக்கும், ஒரே விதைக்கு மூன்று பெயர் இருக்கும். அதற்காகப் பெயரை அலட்சியம் செய்யவும் கூடாது. பெரு நாட்டு மலைகளில் மேடும் பள்ளமுமாக இருக்கும் ஓர் உருளைக்கிழங்கின் பெயருக்கு ‘மருமகளை அழவைப்பது’ என்று பொருள், தோல் சீவுவது அவ்வளவு கடினம். பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. எனவே பெயரை அவர்கள் பேச்சில் வரும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள், ‘ஏன் இந்தப் பெயர்’ என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். விதை பொறுக்குவதும் காய வைப்பதும் பல இடங்களில் பெண்களின் கையில் இருக்கும். கூட்டம் போட்டால் ஆண்கள்தான் பேசுவார்கள். ஆகவே கூட்டத்தில் கேட்டதோடு நிறுத்தாமல், விதை இருக்கும் இடத்துக்குப் போய், அதைக் கையாளுபவரிடம் கேளுங்கள்.

விதை எந்த வழியில் போய் வருகிறது என்பதையும் பாருங்கள். ஆறு நாடுகளில், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், சிறு விவசாயிகளிடம் எடுத்த பெரிய ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. அவர்களுடைய விதையில் சுமார் 90 சதவீதம் அரசு, நிறுவனம் போன்ற முறையான வழிகளுக்கு வெளியிலிருந்து வந்தது. பாதிக்கும் மேல் உள்ளூர்ச் சந்தையில் வாங்கியது. நாம் எப்போதும் ‘விவசாயி தன் வீட்டு விதையை வைத்திருக்கிறார்’ என்றே கற்பனை செய்கிறோம். பஞ்சமோ நோயோ வந்து விதை போனால், அவர் தானியம் விற்பவரிடம்தான் போகிறார். அங்கே எந்த ரகத்தைத் தனியாக வைக்கிறார்கள், எதைக் கலந்து கொட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது, ஒரு விதை வங்கி கட்டுவதைவிட அதிகம் பயன் தரலாம்.

விதை வங்கி கட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் பார்த்து மனம் நொந்த ஒன்று: நல்ல கட்டடம், வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் அச்சிட்ட பெயர்ச்சீட்டு. திறப்பு விழா நடந்து மூன்று ஆண்டு கழித்துப் போனேன். சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே ஒரு பகல் போனது. பத்துப் பாட்டில்களிலிருந்து விதை எடுத்து ஈரத்துணியில் முளைக்கப் போட்டோம். இரண்டில் மட்டுமே ஓரளவு முளைப்பு இருந்தது. அந்த மூன்று ஆண்டில் யாரும் அந்த விதையை வாங்கிப் போய் விதைக்கவில்லை, புது விதை உள்ளே வரவும் இல்லை. திட்டம் முடிந்ததும் பொறுப்பும் முடிந்துவிட்டது. நன்றாக நடக்கும் விதை வங்கிகளில் பாட்டில்கள் இவ்வளவு அழகாக இருக்காது. பாதி காலியாக இருக்கும், ஏனென்றால் விதை வயலில் இருக்கும். ஒரு பங்கு வாங்கியவர் அறுவடைக்குப் பின் ஒன்றரைப் பங்கோ இரண்டு பங்கோ திருப்பித் தருவார். யாருக்குக் கொடுத்தோம், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டு இருக்கும். அந்த நோட்டுதான் வங்கி.

சேமிப்பில் கண்டிப்பாகத் தெரிய வேண்டியது ஈரம். பழைய விதிக் கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஆக, ஈரத்தோடு குளிர்ப்பெட்டியில் வைப்பதைவிட, நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாமல் குளிர்ச்சியான மூலையில் வைப்பது மேல். கருவி இல்லையென்றால் உப்புச் சோதனை செய்யலாம். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி காய்ந்த உப்பும் அதைவிடச் சற்று அதிகமாகத் தானியமும் போட்டு நன்றாகக் குலுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லையென்றால் அடுத்த பருவம்வரை வைக்கலாம் என்று மட்டும் பொருள். பல ஆண்டு வைக்க இன்னும் உலர வேண்டும், அதற்கு ஈரமானி தேவை. கிழங்குகளுக்கும், கோகோ, மாம்பழம் போல உலர்ந்தால் செத்துவிடும் விதைகளுக்கும் இது எதுவும் பொருந்தாது. அவற்றுக்கு வயல்தான் வங்கி.

பெரும்பாலோர் செய்யாமல் விடும் ஒன்று இருக்கிறது: உங்கள் ஊர்களிலிருந்து முன்பு சேகரித்துப் போனதைத் திரும்பக் கேட்பது. பெருவில் குஸ்கோ அருகே பிசாக்கில் சில சமுதாயங்கள் சேர்ந்து உருளைக்கிழங்குப் பூங்கா ஒன்றை நடத்துகின்றன. லிமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு 2004-ல் ஒப்பந்தம் போட்டு, முன்பு எடுத்துச் சென்றவற்றில் 400-க்கும் மேற்பட்ட ரகங்களை, வைரஸ் நீக்கிய விதைக்கிழங்குகளாக அவர்கள் திரும்பப் பெற்றார்கள். கொடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது என்பது அன்பளிப்பு ஆகாது, கடன் தீர்ப்பது. ஜெனிசிஸ் என்ற இணையதளத்தில் உலகின் பல விதை வங்கிகளின் பட்டியலைத் தேடலாம். சேகரித்த இடம் குறிக்கப்பட்டிருந்தால் உங்கள் வட்டாரத்துப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். தேசிய விதை வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு முதியவர் தன் சிறு வயதில் பார்த்த ரகத்தை மறுபடி கையில் வாங்கும்போது, நீங்கள் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டியிருக்காது. எப்போது விதைத்தார்கள், எதோடு கலந்து விதைத்தார்கள், ஏன் விட்டார்கள் எல்லாம் தானாக வரும்.

இளையவர்கள் வருவார்களா என்பது உங்கள் கேள்வியில் ஓரமாக இருந்தது. ‘பாரம்பரியத்தைக் காப்பாற்று’ என்று சொன்னால் வர மாட்டார்கள், சொல்வது நியாயமும் இல்லை. குறைந்த வருமானத்தில் பழைய ரகத்தை வைத்திருந்து உலகத்துக்குச் சேவை செய் என்று ஒருவரிடம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ரகத்தை மேம்படுத்தும் வேலையில் சேர்த்தால் வருவார்கள், பார்த்திருக்கிறேன். நேபாளத்தின் உயர்ந்த மலைப்பகுதியில், குளிர் தாங்கும் உள்ளூர் நெல்லான சோம்ராங்கை ஃபுஜி 102 என்ற வேறொரு நெல்லுடன் கலந்து, அதன் வாரிசுகளிலிருந்து எதைத் தொடர்வது என்று விவசாயிகளே தேர்ந்தெடுத்து மச்சபுச்ரே-3 என்ற ரகம் பிறந்தது, 1996-ல் வெளியானது. இப்போது இன்னும் எளிய முறை இருக்கிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் பெயர் சொல்லாமல் மூன்று ரகங்களைச் சிறு பொட்டலங்களாகக் கொடுத்து, எது சிறந்தது, எது மோசம் என்று மட்டும் சொல்லச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான பேரின் பதில்களைச் சேர்த்துக் கணக்கிட்டால், எந்த மண்ணுக்கு எது என்று தெரிந்துவிடும். மூத்தவரின் கண்ணும் இளையவரின் கைபேசியும் ஒரே வயலில் நிற்க இது நல்ல சாக்கு.

சந்தையைப் பற்றிக் கொஞ்சம். நல்ல விலை கிடைத்தால் ரகம் பிழைக்கும் என்பது பாதி உண்மை. சந்தை ஓரிரண்டு ரகங்களைத்தான் தூக்கிப் பிடிக்கும். தென் அமெரிக்க மலைத் தானியமான கீன்வாவுக்கு உலகச் சந்தை கிடைத்தபோது வெள்ளைப் பெருமணி வகைகளுக்கே மவுசு வந்தது, மற்றவை ஓரத்திலேயே நின்றன. பொலிவியாவிலும் பெருவிலும் அதற்கு மாற்றாக ஒன்றை முயன்றார்கள். அருகிவரும் ரகங்களை விதைக்க எவ்வளவு ஈடு வேண்டும் என்று சமுதாயங்களையே கேட்டு, பணத்துக்குப் பதில் கருவிகள், கட்டுமானப் பொருள்கள் போன்றவற்றைக் கொடுத்தார்கள். இது நல்ல வழி என்று நினைக்கிறேன். ஆனால் நீண்ட காலத்துக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

கடைசியாகப் பதிவு. காணொளி எடுக்கும் முன் இதை யார் பார்ப்பார்கள், எங்கே வைப்போம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாமா என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் ஒருவரிடம் மட்டும் போதாது, அந்த அறிவு ஊருக்கே பொது என்றால் ஊரிடமும் வேண்டும். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 1999-ல் அமெரிக்காவில் ‘எனோலா’ என்ற மஞ்சள் அவரைக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். மெக்சிகோவில் காலங்காலமாக இருந்துவந்த அவரை அது. கொலம்பியாவிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையம் எதிர்த்து வழக்காடி, 2009-ல்தான் அது முற்றிலும் விழுந்தது. அந்தப் பத்தாண்டும் மெக்சிகோ விவசாயிகளுக்கு நட்டம். அந்த அவரை ஏற்கெனவே இருந்தது என்பதற்கான பதிவுகள்தான் வழக்கில் உதவின. ஆகவே எழுத்துப் பதிவு ஒரு கேடயம். அதே பதிவு பொதுவெளியில் கிடந்தால் எடுப்பவருக்கு வழிகாட்டியும் ஆகலாம். எதைப் பொதுவில் வைப்பது, எதை ஊருக்குள் வைப்பது என்ற முடிவை அவர்களிடமே விடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2001-ல் ஏற்கப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்த தாவர மரபுவளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, பாரம்பரிய அறிவைப் பாதுகாப்பது, பயனில் நியாயமான பங்கு, முடிவெடுப்பதில் பங்கேற்பு ஆகியவற்றை விவசாயிகளின் உரிமை என்கிறது. நிறைவேற்றும் பொறுப்பை அந்தந்த நாட்டு அரசிடம் விடுகிறது. அதனால் நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுத் தாவர ரகங்கள், விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பதிவான ரகத்தின் விதையைக்கூட வைத்துக்கொள்ள, விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை கொடுக்கிறது. வணிகப் பெயர் போட்டு விற்க மட்டும் கூடாது. வேறு சில நாடுகளில் பதிவு செய்யாத விதையை விற்பதே குற்றம். உங்கள் விதை வங்கி ‘பரிமாற்றம்’ செய்கிறதா, ‘விற்பனை’ செய்கிறதா என்ற ஒரு சொல்லில் எல்லாம் மாறலாம். உள்ளூர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

எந்தப் பயிர் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரிந்தால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும். நெல், கோதுமை போன்றது என்றால் சில பத்துச் செடிகளிலிருந்து விதை எடுத்தாலும் ரகத்தின் முகம் பெரும்பாலும் தங்கும். மக்காச்சோளம் என்றால் குறைந்தது 100 கதிர்களிலிருந்தாவது எடுங்கள், பக்கத்து வயலில் வேறு மக்காச்சோளம் பூத்தால் சுமார் 200 மீட்டராவது தள்ளி இருங்கள், இல்லையென்றால் பூக்கும் காலத்தை மாற்றுங்கள். அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவடைச் சமயத்தில் கேமராவை எடுக்காமல், ஒரு நோட்டோடு மட்டும் போய், விதை பொறுக்குகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எடுத்தவற்றைப் பற்றிக் கேட்பதற்கு முன், தள்ளிவிட்டவற்றைக் கையில் எடுத்து ஒவ்வொன்றையும் ஏன் தள்ளினார் என்று கேளுங்கள். பதில்களோடு மறுபடி எழுதுங்கள், பயிரின் பெயரையும் சேர்த்து.